ப்ளஸ் ஒன் இயற்பியலைத் தாண்டிக் குதித்தவர்களுக்கு

"பதினொண்ணுல பந்து எறியுறது, சாய்தளம், கப்பி. பன்னெண்டுல கரண்டு, காந்தம், லைட்டு. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?" ஒவ்வொரு மே மாதமும் பெற்றோர் பேச்சில் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. ப்ளஸ் ஒன் இயற்பியலைச் சரியாகப் படிக்காமல் ப்ளஸ் டூவுக்குப் போகும் பிள்ளையைத் தேற்றுவதற்காக அதைச் சொல்கிறார்கள். தமிழ்நாடு பாடநூலின் பொருளடக்கத்தை மட்டும் பார்த்தால் அதில் தப்புச் சொல்லவும் முடியாது. பதினொன்றாம் வகுப்பில் 11 பாடங்கள், பன்னிரண்டிலும் 11 பாடங்கள். ஒரு தலைப்புக்கூட இரண்டு பக்கமும் இல்லை. அங்கே ஈர்ப்பியல், வெப்ப இயக்கவியல், அலைவுகள். இங்கே நிலைமின்னியல், மின்காந்தத் தூண்டல், எலக்ட்ரானியல். பாலிடெக்னிக்கில் ஒரு செமஸ்டர் பாடத்தை விட்டுவிட்டு அடுத்த செமஸ்டர் பாடத்தைப் படிப்பதைப் போல இதையும் கடந்துவிடலாம் என்று தோன்றுவது இயல்புதான்.

அந்தக் கேள்வியைப் பொய் என்று தள்ளிவிட முடியவில்லை, சரி என்று விட்டுவிடவும் முடியவில்லை. ப்ளஸ் டூ புத்தகத்தின் ஒரு பாதி, ப்ளஸ் ஒன் தெரியாதவருக்கும் கதவைத் திறந்துவிடும். மற்றப் பாதி, பதினொன்றாம் வகுப்பு முழுவதும் கைக்குள் இருக்கிறது என்று நம்பி எழுதப்பட்டது. எந்தப் பாதி எங்கே இருக்கிறது என்று தெரியாமல்தான் நல்ல பிள்ளைகள் ஜூன் மாதத்திலேயே "எனக்கு பிசிக்ஸ் வராது" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அந்த முடிவு பெரும்பாலும் தவறானது. வராதது பிசிக்ஸ் இல்லை, பதினொன்றாம் வகுப்பின் ஏழெட்டுச் சாமான்கள். எந்த ஏழெட்டு, அவை ப்ளஸ் டூவில் எந்த இடத்தில் கையில் இருந்தாக வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

இப்படி நுழைகிறவர்கள் எப்படி உருவாகிறார்கள் என்பது படிப்பவர்களுக்கே தெரியும். ப்ளஸ் ஒன் ஆண்டிலேயே ப்ளஸ் டூ போர்ஷனைத் தொடங்கிவிடும் பள்ளிகள் பல காலமாக உண்டு. 2017-18இல் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு வந்ததற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம். 2025-26 முதல் அந்தப் பொதுத்தேர்வு இல்லை. தொடர்ந்து மூன்று ஆண்டும் பொதுத்தேர்வு என்ற பாரம் பிள்ளைகள் தலையிலிருந்து இறங்கியது நல்லதுதான். அதோடு பழைய பழக்கம் திரும்பி வரும் வழியும் திறந்துவிட்டது. உடல்நிலை சரியில்லாமல் பாதி ஆண்டைத் தவறவிட்டவர்கள் உண்டு. டெரிவேஷனை மனப்பாடம் செய்து பாஸ் ஆகி, கையில் ஒன்றும் மிஞ்சாமல் வந்தவர்கள் இன்னும் அதிகம்.

ஜூன் மாதத்தின் சிக்கல்

ப்ளஸ் டூ பாடங்களின் வரிசையே, ப்ளஸ் ஒன் இல்லாதவருக்கு எதிராக அமைந்திருக்கிறது. முதல் பாடம் நிலைமின்னியல். பதினொன்றாம் வகுப்பை மிக அதிகமாகக் கேட்கும் பாடம் இதுதான். வெக்டர் வேண்டும், விசைப்படம் (ஒரு பொருள்மேல் செயல்படும் விசைகளை அம்புகளாக வரைவது) வேண்டும், திருப்பு விசை வேண்டும், நிலை ஆற்றல் வேண்டும், தொகையீடு வேண்டும். எல்லாவற்றையும் முதல் நான்கு வாரத்தில் ஒன்றாகக் கேட்டுவிடும். அடுத்து வரும் மின்னோட்டவியல் அப்படி இல்லை. ஓம் விதி பத்தாம் வகுப்பிலேயே தெரியும். கிர்க்காஃப் விதி என்பது இரண்டு மூன்று சமன்பாட்டைச் சேர்த்துத் தீர்ப்பது. இழுப்புத் திசைவேகம் வரும் இடத்தில் மட்டும் நியூட்டனின் இரண்டாம் விதி ஒரு வரி எட்டிப்பார்க்கும். ஆறாவது பாடமான கதிர் ஒளியியலுக்குப் பத்தாம் வகுப்பு ஒளியியலும் கொஞ்சம் வடிவியலும் போதும். பத்தாவது பாடம் எலக்ட்ரானியல் பதினொன்றைக் கிட்டத்தட்ட எதுவும் கேட்பதில்லை. டையோடும் லாஜிக் கேட்டும் புதிதாகவே தொடங்குகின்றன.

ஆக, ஏறிவர எளிதான படிகள் நடுவிலும் கடைசியிலும் கிடக்க, செங்குத்தான படி வாசலில் நிற்கிறது. ஜூனில் தடுக்கி விழுந்தவர் ஆகஸ்டில் வரும் சமதளத்தை நம்பிக்கையோடு பார்ப்பதில்லை. பிள்ளையிடம் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான்: இந்த ஆண்டின் கஷ்டம் சீராகப் பரவியிருக்கவில்லை, முதல் மாதம்தான் மிகக் கடினம்.

இன்னொரு தவறு, நல்லெண்ணத்தோடு செய்யப்படுவது. கோடை விடுமுறையில் ப்ளஸ் ஒன் புத்தகத்தை எடுத்து, முதல் பாடத்திலிருந்து வரிசையாகப் படிக்கத் தொடங்குவார்கள். முதல் பாடம் அளவீட்டியல். இடமாறு தோற்ற முறை, பிழைகளின் பெருக்கம், பரிமாணப் பகுப்பாய்வு என்று நீளமாகப் போகும். இரண்டு வாரம் கரைந்துவிடும். அடுத்து எறிபொருள் இயக்கத்தின் எல்லா வகைகளும். மே கடைசியில் ஐந்தாம் பாடத்தில் திண்மக் கோளம் சாய்தளத்தில் உருண்டு வரும்போது படிப்பு நின்றுபோகும். ப்ளஸ் டூவுக்கு மிகவும் தேவையான அலைவுகளும் அலைகளும் பத்தாவது, பதினோராவது பாடங்கள். அவற்றைத் தொடும் முன்பே பள்ளி திறந்துவிடும்.

எங்கே உடைகிறது: சீரான புலத்தில் மின் இருமுனை

ப்ளஸ் ஒன் இல்லாமை முதன்முதலில் அப்பட்டமாக வெளிப்படும் இடம் ஒன்று உண்டு. கூலூம் விதி வரை எப்படியோ வந்துவிடுவார்கள். சூத்திரத்தில் எண்ணைப் போட்டால் விடை வந்துவிடுகிறது. சமபக்க முக்கோணத்தின் மூன்று முனைகளிலும் மின்துகள் வைத்தால் கொஞ்சம் தடுமாறுவார்கள். ஒவ்வொன்றும் 10 நியூட்டன் விசையில் தள்ளினால் மொத்தம் 20 என்று எழுதுவார்கள். இரண்டு விசைக்கும் இடையே 60 பாகை இருப்பதால் அது 10 பெருக்கல் மூன்றின் வர்க்கமூலம், அதாவது 17.3 நியூட்டன். ஆசிரியர் சொன்னதும் திருத்திக்கொள்வார்கள். பிறகு மின் இருமுனை வரும். அங்கேதான் திருத்திக்கொள்ள முடியாத குழப்பம் தொடங்குகிறது.

சமமான நேர், எதிர் மின்துகள்கள் இரண்டு, சிறு இடைவெளியில். அவற்றைச் சீரான மின்புலத்தில் சாய்வாக வைக்கிறோம். நேர் மின்துகளைப் புலம் தன் திசையில் இழுக்கிறது, எதிர் மின்துகளை அதே அளவில் எதிர்த்திசையில் தள்ளுகிறது. "மொத்த விசை சுழி" என்று புத்தகம் சொல்கிறது. அடுத்த வரியிலேயே "இருமுனை சுழல்கிறது" என்கிறது. பதினொன்றாம் வகுப்பின் ஐந்தாம் பாடத்தில் இரட்டை என்ற கருத்தைப் படிக்காதவருக்கு இந்த இரண்டு வரியும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். விசையே இல்லையென்றால் எப்படிச் சுழலும்? தண்ணீர்க் குழாயின் திருகை இரண்டு விரலால் திறப்பதை நினைத்துப் பார்க்கச் சொன்னால் பாதி தெளியும். ஒரு விரல் முன்னே தள்ளுகிறது, மற்றது பின்னே இழுக்கிறது. குழாய் இடம்பெயரவில்லை, திருகு மட்டும் சுற்றுகிறது. இடம்பெயர்ப்பதற்கு மொத்த விசை வேண்டும். சுழற்றுவதற்கு மொத்தத் திருப்பு விசை போதும். இரண்டும் தனித்தனிக் கணக்கு. இந்த ஒரு பத்தி பதினொன்றாம் வகுப்புக்குச் சொந்தமானது. ப்ளஸ் டூ ஆசிரியர் இதற்கென நேரம் ஒதுக்குவது அரிது.

அடுத்த வரியில் திருப்பு விசைக்குச் சூத்திரம் வரும்: இருமுனைத் திருப்புத்திறனையும் புலத்தையும் பெருக்கி, இரண்டுக்கும் இடைப்பட்ட கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்க வேண்டும். எந்தக் கோணம் என்பதில் அடுத்த சறுக்கல். இருமுனைத் திருப்புத்திறனின் திசை எதிர் மின்துகளிலிருந்து நேர் மின்துகளுக்கு. வேதியியல் வகுப்பில் நீர் மூலக்கூறுக்கு அம்புக்குறி போடும்போது நேர்ப் பக்கத்திலிருந்து எதிர்ப் பக்கத்துக்குப் போடுவார்கள். இரண்டு புத்தகமும் ஒரே பையில் இருப்பதால் பிள்ளைகள் மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். 30 பாகை 150 ஆகிவிடும். சைன் மதிப்பு இரண்டுக்கும் ஒன்றே என்பதால் திருப்பு விசையில் தப்பு தெரியாது. நிலை ஆற்றலில் காஸ் வரும்போது குறி மாறி விடை தலைகீழாகும்.

நிலை ஆற்றல்தான் உண்மையான திருப்பம். இருமுனையின் நிலை ஆற்றல் என்பது திருப்புத்திறன், புலம், கோணத்தின் காஸ் மூன்றின் பெருக்கற்பலனுக்கு முன்னால் ஒரு எதிர்க்குறி. மனப்பாடமாக எழுதிவிடலாம். கணக்கு வரட்டும். திருப்புத்திறனையும் புலத்தையும் பெருக்கினால் 6 மில்லிஜூல் என்று வைத்துக்கொள்வோம். இருமுனை புலத்தின் திசையிலேயே இருக்கிறது. அதை முழுதாகத் தலைகீழாகத் திருப்ப எவ்வளவு வேலை செய்ய வேண்டும்? வகுப்பில் மூன்று விடைகள் வரும். "மொத்த விசை சுழி, ஆகவே வேலையும் சுழி" என்பது ஒன்று. "6 மில்லிஜூல்" என்பது இரண்டாவது. இறுதி நிலையின் ஆற்றலை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தியவர்கள். மூன்றாவது 12 மில்லிஜூல். இதுதான் சரி: தொடக்கத்தில் எதிர்க்குறியோடு 6, முடிவில் நேர்க்குறியோடு 6, வித்தியாசம் 12.

முதலிரண்டு விடைகளும் மின்னியல் தெரியாததால் வந்தவை அல்ல. நிலை ஆற்றல் என்பது எப்போதும் இரண்டு நிலைகளுக்கு இடையிலான வித்தியாசம், சுழி எங்கே என்பது நாம் வைத்துக்கொள்வது என்ற செய்தி பதினொன்றாம் வகுப்பின் நான்காம் பாடத்தில் இருக்கிறது. மேசைமேல் இருக்கும் கல்லின் நிலை ஆற்றல் எவ்வளவு என்றால், தரையைச் சுழியாக வைத்தால் ஒரு விடை, மேசையையே சுழியாக வைத்தால் சுழி, மாடியைச் சுழியாக வைத்தால் எதிர்க்குறி. கல் தரையில் விழும்போது கிடைக்கும் வேகம் மூன்றுக்கும் ஒன்றே. இதை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தவருக்கு இருமுனையின் எதிர்க்குறி பயம் தராது. இருமுனைக்கு 90 பாகையைச் சுழியாக வைத்திருக்கிறார்கள். ஏனென்றால் அந்த நிலையில் இரண்டு மின்துகளும் ஒரே மின்னழுத்தத்தில் நிற்கின்றன. ஒன்றின் ஆற்றல் கூட்டல், மற்றதின் ஆற்றல் கழித்தல், சேர்ந்தால் சுழி. அங்கிருந்து புலம் தானாகவே இருமுனையைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளும், ஆற்றல் குறையும்; சுழியிலிருந்து குறைந்தால் எதிர்க்குறிதான்.

இதை இவ்வளவு நீட்டுவதற்குக் காரணம் உண்டு. இதே எதிர்க்குறி மூன்றாம் பாடத்தில் காந்த இருமுனையில் எழுத்துக்கு எழுத்து திரும்பி வருகிறது. ஒன்பதாம் பாடத்தில் ஹைட்ரஜன் அணுவில் வருகிறது: எலக்ட்ரானின் இயக்க ஆற்றல் 13.6 எலக்ட்ரான் வோல்ட், நிலை ஆற்றல் எதிர்க்குறியோடு 27.2, மொத்தம் எதிர்க்குறியோடு 13.6. பதினொன்றின் ஈர்ப்பியலில் பூமியைச் சுற்றும் துணைக்கோளுக்கும் இதே விகிதம்தான். நிலை ஆற்றலின் அளவு இயக்க ஆற்றலைப் போல இருமடங்கு, மொத்த ஆற்றல் எதிர்க்குறி, ஆகவே அது பூமியோடு கட்டுண்டு கிடக்கிறது. துணைக்கோளை ஒரு மணி நேரம் படித்திருந்தால் நீல்ஸ் போர் (Bohr) சொன்ன அணு மாதிரி பழைய வீடு போலத் தெரியும்.

எதை எடுப்பது, எதை விடுவது

முதலில் ஒரு தாளில் ஆறு கணக்கு, 40 நிமிடம், புத்தகம் மூடியிருக்க வேண்டும். கிழக்கே 3 நியூட்டன், வடக்கே 4 நியூட்டன், தொகுபயன் என்ன, எந்தத் திசை. கிடைமட்டத்தோடு 60 பாகையில் இழுக்கும் 20 நியூட்டன் விசையின் இரண்டு கூறுகள். உராய்வற்ற 30 பாகைச் சாய்தளத்தில் 2 கிலோ கட்டையின் முடுக்கம். 10 மீட்டர் உயரத்திலிருந்து விழும் கல்லின் வேகம், இயக்கச் சமன்பாடு இல்லாமல் ஆற்றல் வழியாக. 5 சைன் 100 டி என்பதைக் காலத்தைப் பொறுத்து வகையிட்டால் வருவது. விசை மாறிலி 200 நியூட்டன்/மீட்டர் உள்ள சுருள்வில்லில் 2 கிலோ நிறையைக் கட்டினால் அலைவுக்காலம். விடைகள்: 5 நியூட்டன், கிழக்கிலிருந்து வடக்கே 53 பாகை, 10, 17.3 நியூட்டன், 4.9 மீட்டர்/வினாடி², 14 மீட்டர்/வினாடி, 500 காஸ் 100 டி, சுமார் 0.63 வினாடி. எது வரவில்லையோ அங்கேதான் வேலை. நான்கு சரியாக வந்தவருக்குக் கோடை முழுவதும் தேவையில்லை.

ஆறும் வராதவருக்கு என் கணக்கில் மொத்தம் 46 மணி நேரம் ஆகும். எல்லாவற்றையும் ஜூனுக்கு முன் முடிக்க வேண்டியதில்லை. ப்ளஸ் டூ பாடம் கேட்கும் வரிசையில் கொடுத்தால் போதும். பள்ளி திறக்கும் முன் வெக்டருக்கு 6 மணி, நியூட்டன் விதிகளுக்கும் விசைப்படத்துக்கும் 8, வேலைக்கும் ஆற்றலுக்கும் 6, திருப்பு விசைக்கும் கோண உந்தத்துக்கும் 3, வகையீடு தொகையீட்டுக்கு 8. நாளுக்கு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தால் மூன்று வாரம். காந்தவியல் தொடங்கும் முன் வட்ட இயக்கத்துக்கு 3 மணி. மாறுதிசை மின்னோட்டத்துக்கு முன் அலைவுகளுக்கு 6. அலை ஒளியியலுக்கு முன் அலைகளுக்கு 6.

வெக்டரில் நேரம் போக வேண்டியது கூறுகளாகப் பிரிப்பதில். இங்கே தீராத நோய் ஒன்று: கிடைமட்டம் என்றால் காஸ், செங்குத்து என்றால் சைன் என்று மனப்பாடம் செய்து வைத்திருப்பது. கோணத்தைச் செங்குத்திலிருந்து கொடுத்தால் கதை மாறிவிடும். கோணத்தை ஒட்டியிருக்கும் பக்கத்துக்குக் காஸ், எதிரே இருக்கும் பக்கத்துக்குச் சைன், இவ்வளவுதான் விதி. இருமுனையின் நடுவரைத் தளத்தில் மின்புலம் கண்டுபிடிக்கும் டெரிவேஷன் முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது. எந்தக் கூறுகள் ஒன்றையொன்று சமன்செய்கின்றன, எவை கூடுகின்றன என்பதைப் படம் வரைந்து பார்க்காமல் "சமன்செய்துகொள்ளும்" என்று எழுதுபவருக்கு, தேர்வில் படத்தைக் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தால் போதும், கை நின்றுவிடும். புள்ளிப் பெருக்கல், குறுக்குப் பெருக்கல் இரண்டையும் இதே 6 மணிக்குள் முடிக்கலாம். குறுக்குப் பெருக்கலில் வலக்கை விதியைக் கையால் செய்துபார்க்க வேண்டும். மூன்றாம் பாடத்தில் காந்த விசையின் திசை முழுக்க அந்தக் கையில்தான் இருக்கிறது. இடக்கையால் பேனா பிடிப்பவர்கள் தேர்வறையில் வலக்கை ஓய்வாக இருக்கிறதே என்று நிம்மதியாக அதைப் பயன்படுத்தலாம். வலக்கையால் எழுதுபவர்கள்தான் பேனாவைக் கீழே வைக்கச் சோம்பி இடக்கையைத் திருப்பிப் பார்த்துத் திசையைத் தப்பாக எழுதுகிறார்கள்.

எறிபொருள் இயக்கத்தில் ஒரு வகை போதும்: கிடைமட்டமாக எறியப்பட்ட பொருள். இரண்டு மின்தகட்டுக்கு நடுவே நுழையும் எலக்ட்ரான் அப்படியே அதே பாதையில்தான் வளைகிறது. ஈர்ப்பு முடுக்கத்தின் இடத்தில் எலக்ட்ரானின் மின்னூட்டத்தையும் புலத்தையும் பெருக்கி நிறையால் வகுத்ததைப் போட்டால், தாம்சன் ஆய்வின் விலக்கத்துக்கான வரி வந்துவிடும்.

வட்ட இயக்கத்தில் ஒரே ஒரு சமன்பாடு, ஆனால் அதை எழுதும் முறை முக்கியம். "மையநோக்கு விசை" என்று தனியாக ஒரு விசை கிடையாது. ஏற்கெனவே இருக்கும் ஏதோ ஒரு விசை அந்த வேலையைச் செய்கிறது. காந்தப்புலத்தில் சுற்றும் மின்துகளுக்குக் காந்த விசை, போர் அணுவில் கூலூம் விசை. இது தெரியாதவர்கள் விசைப்படத்தில் காந்த விசையையும் மையநோக்கு விசையையும் சேர்த்து இரண்டு அம்பு போடுவார்கள். சிலர் சமன்செய்வதற்காக மையவிலக்கு விசை என்று மூன்றாவது அம்பும் போடுவார்கள். ஒரே அம்பு போட்டு, அதை நிறை பெருக்கல் வேகத்தின் வர்க்கம் வகுத்தல் ஆரம் என்பதோடு சமன்படுத்தினால், சுற்றுக்காலத்தில் வேகம் காணாமல் போவதைக் கண்ணால் பார்க்கலாம். மின்துகளைச் சுழற்றிச் சுழற்றி வேகமூட்டும் சைக்ளோட்ரான் இயங்குவதே அதனால்தான். 1 டெஸ்லா புலத்தில் புரோட்டான், மெதுவாகச் சுற்றினாலும் வேகமாகச் சுற்றினாலும், வினாடிக்குச் சுமார் 1.52 கோடி முறை சுற்றும்.

விட்டுவிடக்கூடியவையும் உண்டு. நிலைமத் திருப்புத்திறனின் டெரிவேஷன்கள், உருளுதல், பரப்பு இழுவிசை, மீட்சிக் குணகங்கள், கார்னோ இயந்திரம், இடமாறு தோற்ற முறை. ப்ளஸ் டூ பொதுத்தேர்வை மட்டும் எழுதுபவருக்கு இவை இந்த ஆண்டு தேவைப்படாது. பருப்பொருளின் பண்புகள் பாடத்திலிருந்து ஒரே ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ள வேண்டும்: ஸ்டோக்ஸ் விதியும் முற்றுத் திசைவேகமும். மில்லிகனின் எண்ணெய்த் துளி ஆய்வில் துளியின் ஆரத்தைக் கண்டுபிடிப்பது அவற்றால்தான். அதைத் தெரியாதவர்கள் அந்த டெரிவேஷனில் மிதப்பு விசையை விட்டுவிடுவார்கள். எண்ணெயின் அடர்த்தியிலிருந்து காற்றின் அடர்த்தியைக் கழிக்கும் படி எங்கிருந்து வந்தது என்று கடைசி வரை புரியாது. வாயுக்களின் இயக்கவியலிலிருந்து சராசரி இயக்க ஆற்றல் வெப்பநிலையைப் பொறுத்தது என்ற ஒரு வரி போதும்.

நீட், ஜே.இ.இ. எழுதுபவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. நீட்டின் 45 இயற்பியல் வினாக்கள் இரண்டு ஆண்டுப் பாடத்திலிருந்தும் வருகின்றன. அவர்களுக்கு மேலே சொன்ன 46 மணி நேரம் முதல் சுற்று மட்டுமே. விட்டதைக் காலாண்டுத் தேர்வு விடுமுறையிலும் அரையாண்டு விடுமுறையிலும் எடுத்து முடித்தாக வேண்டும். ப்ளஸ் ஒன் ஆண்டையே விழுங்கிவிட்டு நீட் பயிற்சி என்று சொல்லும் பள்ளி, பிள்ளையின் பாதித் தேர்வைப் பறித்துக்கொண்டது என்பதைப் பெற்றோர் உரக்கச் சொல்ல வேண்டும்.

கணிதம் தனியாக வந்து காப்பாற்றாது

வகையீடும் தொகையீடும் பதினொன்றாம் வகுப்புக் கணிதத்தின் பின்பாதியில் இருக்கின்றன. இயற்பியலைத் தாண்டியவர் பெரும்பாலும் அவற்றையும் தாண்டியிருப்பார். உயிரியல் பிரிவில் கணிதமே எடுக்காதவர்களுக்கு இன்னும் சிரமம். ஆனால் ப்ளஸ் டூ இயற்பியல் கேட்கும் அளவு சின்னது. தூரத்தின் வர்க்கத்தின் தலைகீழைத் தொகையிட்டால் தூரத்தின் தலைகீழ் வரும், குறி மாறும். மின்னழுத்தத்துக்கு அதுதான் தேவை. சைனை வகையிட்டால் காஸ், காஸை வகையிட்டால் எதிர்க்குறியோடு சைன், உள்ளே இருக்கும் கோணத் திசைவேகம் வெளியே வந்து பெருக்கும். நான்காம் பாடம் முழுவதற்கும் இது போதும். மாறியின் தலைகீழைத் தொகையிட்டால் மடக்கை, கதிரியக்கச் சிதைவுக்கு. இந்த மூன்றையும் பத்துப் பத்துக் கணக்காகப் போட்டால் 8 மணிக்குள் கை பழகிவிடும்.

பழகாத கை எங்கே வழுக்கும் என்றால், சுழலும் கம்பிச்சுருளில். பாயம், அதாவது சுருளின் வழியே ஊடுருவும் காந்தப்புலத்தின் மொத்த அளவு, காஸ் வடிவில் மாறுகிறது. தூண்டப்பட்ட மின்னியக்கு விசை சைன் வடிவில் வருகிறது. பாயம் பெருமமாக இருக்கும் நொடியில் மின்னியக்கு விசை சுழி. "பாயம் அதிகம், ஆகவே மின்னழுத்தமும் அதிகம்" என்று ஒரு மதிப்பெண் வினாவில் குறிப்பவர்கள், வகையீடு என்பது வரைபடத்தின் சாய்வு என்பதைப் பார்க்காதவர்கள். வளைவின் உச்சியில் சாய்வு சுழி. வரைபடத்தாளில் ஒரு காஸ் வளைவை வரைந்து, பத்து இடத்தில் அளவுகோலை வைத்துச் சாய்வை அளந்து, கீழே இன்னொரு வரைபடமாகக் குறித்தால் சைன் தானாக முளைக்கும். அரை மணி நேர வேலை. பிறகு மின்தூண்டியில் மின்னோட்டம் ஏன் கால் சுற்று பிந்துகிறது என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அலைவுகள் பாடத்துக்கும் இதேதான். சுருள்வில்லில் ஆடும் நிறையைப் புரிந்துகொண்டவருக்கு மின்தூண்டியும் மின்தேக்கியும் சேர்ந்த சுற்று புதிதில்லை. இடப்பெயர்ச்சிக்குப் பதில் மின்னூட்டம், வேகத்துக்குப் பதில் மின்னோட்டம், நிறைக்குப் பதில் மின்தூண்டல் எண், வில்லின் விறைப்புக்குப் பதில் மின்தேக்குத்திறனின் தலைகீழ். அலைகளிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது பாதை வேறுபாட்டைக் கட்ட வேறுபாடாக மாற்றும் ஒரு படி: ஓர் அலைநீளத்துக்கு ஒரு முழுச் சுற்று. யங்கின் இரட்டைப் பிளவில் 600 நானோமீட்டர் ஒளி, 1 மில்லிமீட்டர் இடைவெளி, 1 மீட்டர் தொலைவில் திரை என்றால் பட்டை அகலம் 0.6 மில்லிமீட்டர். மூன்று அலகும் மூன்று விதமாக இருப்பதால், மீட்டருக்கு மாற்றாமல் பெருக்கி 600 என்று எழுதிவைக்கும் தாள்கள் நிறைய.

செய்முறைக் கூடத்தில்

எழுத்துத் தேர்வுக்கு இவ்வளவு யோசிப்பவர்கள் செய்முறையை மறந்துவிடுகிறார்கள். ப்ளஸ் டூ செய்முறைப் பட்டியலின் முதல் சோதனை மீட்டர் சமனச்சுற்று. கம்பிச்சுருளின் மின்தடை எண்ணைக் காண வேண்டும். கம்பியின் ஆரத்தைத் திருகு அளவியால் அளக்கச் சொல்வார்கள். திருகு அளவியைப் பழகும் ஆண்டு ப்ளஸ் ஒன். அதன் புரியிடைத் தூரம் 1 மில்லிமீட்டர், தலைக்கோலில் 100 பிரிவு, மீச்சிற்றளவு 0.01 மில்லிமீட்டர். முகங்கள் ஒட்டும்போது தலைக்கோலின் சுழி குறிப்புக்கோட்டைத் தாண்டாமல் கீழே நின்றால் சுழிப்பிழை நேர்க்குறி. கிடைத்த அளவிலிருந்து கழிக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள்: உண்மையான விட்டம் 0.50 மில்லிமீட்டர், இரண்டு பிரிவு பிழையோடு 0.52 என்று எழுதுகிறோம். விட்டத்தில் 4 சதவீதம்தான் தப்பு. மின்தடை எண்ணில் ஆரம் வர்க்கமாக வருவதால் அது 8 சதவீதமாகிவிடும். சமன் நீளத்தை எவ்வளவு நுணுக்கமாக அளந்தாலும் இந்த 8 சதவீதம் போகாது.

நிறமாலைமானியில் வெர்னியர். முதன்மைக்கோலில் ஒரு பிரிவு அரைப் பாகை, வெர்னியரில் 30 பிரிவு, மீச்சிற்றளவு 1 நிமிடம். பாகைக்கு 60 நிமிடம் என்பதை மறந்து, 38 பாகை 45 நிமிடத்தை 38.45 என்று கணிப்பானில் போடுவார்கள், அது 38.75. சைன் மதிப்பு எடுக்கும்போது இந்த 0.3 பாகை ஒளிவிலகல் எண்ணின் மூன்றாம் தசம இலக்கத்தை அசைத்துவிடும். பள்ளியில் செய்முறை வகுப்பு தொடங்கும் முன் ஒரு மாலை மட்டும் ப்ளஸ் ஒன் கூடத்தில் உட்கார அனுமதி கேட்டு, திருகு அளவியையும் வெர்னியர் அளவியையும் கையில் எடுத்து, பென்சில், நாணயம், சைக்கிள் குண்டு என்று பத்துப் பொருளை அளந்துவிட்டால் போதும்.

அக்டோபரில் விழித்துக்கொண்டவருக்கு

எல்லாருக்கும் மே மாதம் கிடைப்பதில்லை. காலாண்டுத் தேர்வின் தாளைப் பார்த்த பிறகுதான் பலருக்கு விஷயம் தெரிகிறது. அப்போது பின்னோக்கி 46 மணி நேரம் ஒதுக்குவது நடக்காது. வகுப்பில் ஒளியியல் ஓடிக்கொண்டிருக்கும். அவர் செய்யக்கூடியது, கதிர் ஒளியியலையும் எலக்ட்ரானியலையும் வகுப்போடு சேர்ந்து முழுதாகப் பிடித்துக்கொள்வது. புக் பேக் கணக்கு ஒன்றையும் விடாமல். அதற்கு நடுவே வாரத்துக்கு இரண்டு மாலை நிலைமின்னியலுக்கு. அங்கே ஒவ்வொரு கணக்கையும் போடும்போது கை எந்த வரியில் நிற்கிறதோ அந்த வரிக்குப் பக்கத்தில் ப்ளஸ் ஒன் பாட எண்ணைக் குறித்து, அந்தப் பத்தியை மட்டும் படித்துவிட்டுத் திரும்ப வேண்டும். முழுப் பாடத்தையும் திறந்தால் மாலை போய்விடும்.

70 மதிப்பெண் எழுத்துத் தேர்வில் ஒரு மதிப்பெண் வினா 15, இரண்டு மதிப்பெண்ணில் 6, மூன்று மதிப்பெண்ணில் 6, ஐந்து மதிப்பெண்ணில் 5 எழுத வேண்டும். இரண்டிலும் மூன்றிலும் ஒவ்வொன்று கட்டாய வினா, அது வழக்கமாகக் கணக்காக வரும். ஐந்து மதிப்பெண்ணில் "அல்லது" இருப்பதால் ஓரளவு தப்பிக்க வழி உண்டு. கட்டாயக் கணக்கில் வழி இல்லை. அக்டோபரில் தொடங்குபவர் டெரிவேஷனை மனப்பாடம் செய்யும் நேரத்தில் கால் பங்கை எடுத்து, தினம் ஒரு கணக்கு, படம் வரைந்து, அலகு எழுதி, புத்தகத்தின் விடையைப் பார்க்கும் முன் தன் விடையைத் தாளில் அடிக்கோடிட்டு வைக்கட்டும். முதல் கணக்காக அந்த மின் இருமுனையையே எடுத்துக்கொள்ளலாம்: திருப்புத்திறனையும் புலத்தையும் பெருக்கினால் 6 மில்லிஜூல், 0 பாகையிலிருந்து 180 பாகைக்குத் திருப்ப எவ்வளவு வேலை?